பக்கம் இல்லாத மாப்பிள்ளை

கலியாண விசாரணை என்ற தொழிலை நான் தேடிப் போகவில்லை. வேறு எதுவும் என்னைத் தேடி வராதபடியால் அது வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஊரில் பெண் இருக்கும், இன்னொரு ஊரில் மாப்பிள்ளை இருப்பார், சாதகம் பொருந்திவிடும். அதன் பிறகு யாராவது ஒருவன் மாப்பிள்ளையின் இடத்துக்குப் போக வேண்டும். மாடு வாங்க வந்தவன்போலச் சந்திக் கடையில் குந்தியிருந்து, பிளேன்ரீயை மெல்ல மெல்லக் குடித்தபடி, அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கதை எடுக்க வேண்டும். பெடியன் குடிப்பானா, கை நீட்டுவானா, வேறெங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா, தகப்பனுக்கு அயலவரோடு வேலிச் சண்டை உண்டா. எதற்காகக் கேட்கிறேன் என்று கடைக்காரருக்குத் தெரியும். தெரியாதவர்போலப் பதில் சொல்லுவார். மாடு வாங்க வந்தவன் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பஸ் ஏறுவான். ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இதற்கு வேண்டிய தகுதி, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத கால்களும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு முகமும்தான். இரண்டும் என்னிடம் இருந்தன. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தின் கூரை ஷெல்லுக்குப் போனது. கூரை திரும்பி வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். பிறகு வன்னி, முகாம், கொழும்பில் ஒரு லொட்ஜ், டோகாவில் சீமெந்து, திரும்பவும் யாழ்ப்பாணம். இதில் சொல்லி அழ ஒன்றும் இல்லை. என் வயதுக்காரர் எல்லாருக்கும் இங்கே இதே பாதைதான், இறங்கிய தரிப்பிடங்கள் மட்டும் வேறு.

இடையில் நான் பார்த்த வேலைகளுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. ஒவ்வொரு முதலாளியும் "இது மட்டும் அழியாது" என்று சொன்னார். ஜெனரேற்றர் பூட்டிப் படம் காட்டிய வீடியோக் கடைக்காரர் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்கச் சனம் வெயிலில் வரிசை கட்டி நின்ற ரெலிபோன் கடைக்காரர் சொன்னார். பலகை அடித்துச் சின்னச் சின்ன அறை பிரித்து வைத்திருந்த நெற் கபே முதலாளி இன்னும் ஒரு படி மேலே போய், "தம்பி, சனம் இருக்குமட்டும் நெற் கபே இருக்கும்" என்றார். அந்த இடத்தில் இப்போது கோழிப் பொரியல் விற்கிறார்கள். சனம் இருக்கிறது.

அதன் பிறகு சமூக ஊடகம் வந்தது. அதில் பல வகை உண்டு என்கிறார்கள். எங்கள் ஊர்களில் கலியாணத்துக்குப் பார்ப்பது ஒன்றைத்தான், அதற்குப் பெயர் 'பக்கம்'. பெடியனுக்குப் பக்கம் இருக்கிறதா, பெட்டையின் பக்கத்தில் என்ன கிடக்கிறது, அவ்வளவுதான். அது என் தொழிலை ஒரே வருடத்தில் முடித்துவைத்தது. நான் மூன்று பஸ் மாறிப் போய்க் கேட்டுவருவதைவிட அதிகமான சங்கதியை, ரொறொன்ரோவில் பனிக்காலத்தில் போர்வைக்குள் கிடந்தபடி ஒரு மாமி விரலால் தோண்டி எடுத்தாள். பத்து வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலாப் படத்தின் கீழே யார் யார் சிரித்தார்கள், எந்தப் பெடியன் இதயம் போட்டான், அந்த இதயம் சிவப்பா மஞ்சளா என்று எல்லாம் வெளியே வந்தது. சாதகம் பார்க்கும் ஐயரே, கிரகநிலையைப் பார்த்து முடித்த பிறகு, "பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லும் நிலைமை.

நான் ஓட்டோ ஓட்டினேன், கிணறு இறைத்தேன், கொஞ்சக் காலம் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் சில வருடங்களாகப் பக்கத்துக்கும் காய்ச்சல் பிடித்திருக்கிறது. இளம் பிள்ளைகள் தங்கள் பக்கத்தைப் பூட்டிப்போட்டு வேறெங்கோ போய்விட்டார்கள். அங்கே மிஞ்சியிருப்பது மாமிகளும், பிறந்தநாள் வாழ்த்தும், செத்தவீட்டு அறிவித்தலும். இல்லாத காட்சியையும் மெசினே படமாய்க் கீறித் தருகிறது. சுன்னாகத்தைத் தாண்டாத பெடியன் பனிமலைக்கு முன்னால் நிற்கிறான். ஒரு பெண்ணின் கையில் ஆறு விரல் இருந்ததால், மாப்பிள்ளை வீட்டார் அந்த ஆறாவது விரலை விசாரிக்க என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன், ஐந்துதான். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று யாரோ சொல்லிவைத்திருந்தபடியால் அந்தச் சம்பந்தம் ஏமாற்றத்தில் முடிந்தது. அவுஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு இந்தச் சமூக ஊடகத்தையே தடை செய்துவிட்டார்களாம். இங்கே பெரியவர்களுக்குத் தடை செய்தால் பிரயோசனமாக இருக்கும்.

எப்படியோ, மெசின் பொய் சொல்லத் தொடங்கியதும், நடந்து போய்ப் பொய் சொல்லுகிறவனுக்குத் திரும்பவும் மதிப்பு வந்தது. அந்த நேரத்தில்தான் உடுவிலில் இருந்து ஒரு அழைப்பு வந்தது.

கூப்பிட்டவர் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு ஐயா. இப்போது வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் நடுகிறார். ஒரே மகள், முப்பது தாண்டிவிட்டது, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. அவளுக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்களைப் பக்கம் தின்றுவிட்டது. முதலாவதில், அவள் படித்த காலத்துப் படம் ஒன்றின் கீழே கூடப் படித்தவன் ஒருவன் "செல்லம்" என்று எழுதியிருந்ததை மாப்பிள்ளையின் சித்தி கண்டுபிடித்தாள். அவன் எல்லாப் பெட்டைகளின் படத்துக்கும் அதையே எழுதியிருந்தான் என்பதை அவள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது மாப்பிள்ளையின் பக்கம் தங்கம்: கோயில், தாய், நாய்க்குட்டி, இரத்ததானம். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்த்த பிறகு, அவருக்குச் சுவிஸில் மனைவி இருப்பது தெரிந்தது. மனைவிக்குப் பக்கம் இல்லாதபடியால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

"இப்ப மூண்டாவது," என்றார் ஐயா, கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு. "தென்மராட்சிப் பெடியன். குருநகரிலை ஐஸ் அடிக்கிற இடத்திலை மெசின் பாக்கிறார். தாய் தேப்பன் இல்லை, ஒரு தமக்கைதான். சாதகம் நல்லாப் பொருந்தி வருது. ஆனால் தம்பி…"

"என்ன ஐயா, குடியோ?"

"குடியெண்டாலும் பறவாயில்லை, கதைச்சுத் திருத்தலாம். பெடியனுக்குப் பக்கம் இல்லை."

உள்ளே இருந்து அம்மா சேர்ந்துகொண்டார். "ரொறொன்ரோ மச்சாள் காலமையும் பின்னேரமும் தேடிப் பாக்கிறா. பேரைத் திருப்பிப் போட்டும் பாத்தவ. ஒண்டும் இல்லையாம். இந்தக் காலத்திலை பக்கம் இல்லாத மனிசன் எண்டால், பொலிஸ் பிடிச்சு மறியலிலை இருந்திருக்க வேணும், இல்லாட்டி எங்கையோ ஒருத்தி இருக்க வேணும் எண்டு சொல்லுறா."

ரொறொன்ரோ மச்சாள் என்பது ஐயாவின் தங்கை. கலியாணத்துக்குப் பெரும் பொறுப்பு அவளுடையது, ஆகவே பேச்சும் அவளுடையது. போர்வைக்குள் இருந்து தோண்டும் மாமிகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தச் சங்கத்தின் தலைவியாகவே அவளைப் போடலாம்.

"நீர் ஒருக்கால் போய், ஏன் பக்கம் இல்லை எண்டு மட்டும் விசாரிச்சுக்கொண்டு வாரும்," என்றார் ஐயா.

வேலிப் படலையடியில் மகள் நின்றாள். கந்தோருக்குப் போகிற உடுப்பு, கையில் குடை.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே? நான் அவரோடை ரெண்டு தரம் போனிலை கதைச்சனான். முன்னம் வந்தவையள் எல்லாரும் 'சாப்பிட்டாச்சோ' எண்டு கேட்டவை. இவர் கேட்டது, உங்கடை பஸ்ஸிலை இருக்க இடம் கிடைக்குதோ எண்டு."

"கிடைக்குதோ தங்கச்சி?"

"இல்லை. அதுதான் சொல்லுறன், ஒருத்தரும் கேட்டதில்லை." குடையை விரித்தாள். "இதையும் குழப்பினால், நாலாவதுக்குச் சீலை உடுத்திக்கொண்டு வந்து இருக்க மாட்டன். அப்பாவுக்கும் சொல்லிப்போட்டன். உங்களுக்கும் சொல்லிவைக்கிறன்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

குருநகரில் மாடு வாங்க வந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே ஐஸ் பெட்டி வாங்க வந்தவன் ஆனேன். கழுத்தில் சிலுவையோடு கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், ஐஸ் அடிக்கிற இடத்தில் வேலை செய்கிற தென்மராட்சிப் பெடியனைத் தெரியுமா, அவரிடம் பெட்டி விலை கேட்கலாமா என்று தொடங்கினேன்.

அவர் சூரை மீனின் தலையை வெட்டி எறிந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெட்டை எந்த ஊர்?"

"இல்லையம்மா, ஐஸ் பெட்டி…"

"ஐஸ் பெட்டி வாங்கிறவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறதோ? சொல்லும், பெட்டை எந்த ஊர்?"

"உடுவில்."

"நல்ல பெடியன். வெள்ளிக்கிழமை மீன் தின்னான், மற்ற நாளிலை பேரம் பேசான். எங்கடை வேதக்காரப் பெடியளுக்குள்ளை உப்பிடி ஒண்டு இருந்தால், உமக்கு நான் ஏன் சொல்லுறன்? என்ரை மகளுக்குச் செய்துவைச்சிருப்பன்." பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "அவனுக்குப் பக்கம் இல்லையாமே?" என்றேன். "உமக்கு மாப்பிள்ளை வேணுமோ, படம் வேணுமோ?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த தலையை வெட்டினார்.

தொழில் முறைப்படி விசாரணைக்காரன் மாப்பிள்ளையோடு நேரே கதைக்கக் கூடாது. ஆனால் பக்கம் ஏன் இல்லை என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. ஐஸ் அடிக்கிற இடத்துக்குப் போய்க் கூப்பிட்டேன், கையில் கிறீஸோடு மாப்பிள்ளை வெளியே வந்தார். உயரம் குறைவு, காது கொஞ்சம் பெரிது. மெசினின் சத்தத்துக்குள் நின்று பழகியதால் உரத்துக் கதைத்தார்.

"காரணம் ஒண்டும் இல்லை அண்ணை," என்றார். "சினேகிதன்ரை போனிலை ஒரு கிழமை பாத்தனான். எல்லாரும் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தவை. பிறகு பாக்கேல்லை."

"வேறை ஒண்டும் இல்லையோ? பழைய காதல், பொலிஸ், கடன்?"

"இல்லை அண்ணை. ஒண்டும் இல்லாட்டியும் பிழையோ?"

பிழைதான். அவருக்கு அது விளங்கவில்லை. உடுவிலுக்குத் திரும்பிப் போய், காரணம் இல்லையாம் என்று சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் இல்லாமல் ஒரு மனிசன் இருப்பானோ தம்பி? ரொறொன்ரோவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? திரும்பப் போய் வடிவா விசாரியும்."

நான் திரும்பப் போகவில்லை. போனால் அதே பதில்தான் கிடைக்கும், பஸ்ஸில் இருக்க இடம்கூடக் கிடைக்காது. மருதனார்மடச் சந்திக் கடையில் குந்தி ஒரு தேத்தண்ணி குடித்தபடி, இவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் எது என்று யோசித்தேன். சிலர் மச்சமாமிசம் விடுகிறார்கள், சிலர் தாடி வளர்க்கிறார்கள், எல்லாம் ஒரு சாமிக்காக. அடுத்த நாள் காலை போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "நேர்த்திக்கடன் ஐயா. தமக்கை வருத்தமாய்க் கிடந்த நேரம், அவ சுகப்பட்டால் பக்கமே திறக்கமாட்டன் எண்டு முருகனுக்கு நேர்ந்தவராம். வெளியிலை சொல்ல விருப்பமில்லை."

"நேர்த்தியோ!" ஐயா எழுந்து நின்றுவிட்டார். அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "உப்பிடிப் பத்தியான பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டமே." எனக்கு வடை வந்தது, இரண்டாவது வடையும் வந்தது. மகள் மட்டும் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வடையின் பாதியில் ரொறொன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. போனின் திரை முழுக்க மாமியின் நெற்றி.

"அண்ணை! அறிஞ்சியளோ? மாப்பிள்ளை மோசம் போயிட்டார், உயிர் போட்டுதாம்!"

நடந்தது என்னவென்று பிறகு நான் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஐயா முதல்நாளே மாப்பிள்ளையின் தமக்கைக்குப் போன் எடுத்து, பக்கம் இல்லாததுதான் எங்களுக்குக் கொஞ்சம் யோசனை என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். தமக்கை பதறிப்போனாள். இவ்வளவு சின்ன விசயத்துக்காகத் தம்பியின் வாழ்க்கை கெடுவதா? அவள் சாவகச்சேரியில் பதாகை அடிக்கிற கடைக்கு ஓடி, அங்கே இருந்தவரிடம், "தம்பிக்கு ஒரு பக்கம் திறந்து, நல்ல மரியாதையான படம் ஒண்டும் செய்து போட்டுவிடுங்கோ" என்று கேட்டாள். எங்கள் ஊர்களில் பதாகைக் கடைக்காரருக்கு எது மரியாதையான படம்? அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி கண்ணீர் அஞ்சலி. ஆகவே தன்னிடம் இருந்ததில் ஆகத் திறமான அமைப்பை எடுத்தார். நீல வானம், இரண்டு வெள்ளைப் புறா, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ரோசாப்பூ. நடுவில் மாப்பிள்ளையின் அடையாள அட்டைப் படம். செத்தவரின் படத்துக்குக் கீழே நாங்கள் பிறந்த நாளை 'மலர்வு' என்றும் இறந்த நாளை 'உதிர்வு' என்றும் போடுவோம். கடைக்காரர் கவனமான மனிதர், உதிர்வை அழித்துவிட்டார். மலர்வு அழகாக இருந்ததால் அதை விட்டுவிட்டார்.

தமக்கை தன் சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்: "தம்பியின் பக்கம் போய் ஏதாவது நல்லதாய் எழுதுங்கோ." அவர்கள் போனார்கள். படத்தைப் பார்த்தார்கள். எழுதினார்கள்.

மாமி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. இப்படி அவசரப்பட்டுவிட்டாயே தம்பி. இருபது வருடமாக அவரோடு கதையாத ஒரு மைத்துனர், நேற்றும் கதைத்தேன், நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார். மாரடைப்பு என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஐஸ் மெசினில் கரண்ட் அடித்தது என்று இன்னொருவர் திருத்தினார். ஜேர்மனியில் இருந்து ஒருவர், இறுதிக்கிரியை நேரலையில் போகுமா, போனால் எத்தனை மணிக்கு, தனக்கு இரவு வேலை என்று கேட்டிருந்தார்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, என்ரை பிள்ளையின்ரை ராசி! கலியாணப் பேச்சு எடுத்த உடனை… ஊர் என்ன சொல்லும்!"

"நல்ல காலம் மச்சாள், தாலி கட்ட முதல்," என்றது திரை.

"நேர்த்தியை மீறினதாலை வந்தது," என்றார் ஐயா திடீரென்று. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "தம்பி இப்பதானே சொன்னவர். பக்கம் திறக்கமாட்டன் எண்டு முருகனுக்கு நேர்ந்தவர். ஆரோ திறந்துபோட்டினம். பார், ஒரு நாள் தாங்கேல்லை."

நான் வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு விரைவாக ஒரு பொய் சாமியின் கையெழுத்தோடு திரும்பி வந்ததில்லை. ஒரு நிமிடம் நானே நம்பினேன், அதுதான் கேவலம்.

அந்த வீட்டில் அழுகிறவர்கள் அழுதார்கள், காரணம் சொல்லுகிறவர்கள் காரணம் சொன்னார்கள். வீட்டில் நாலு போன் இருந்தது. செத்தவருக்கு ஒரு போன் அடித்துப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மகள் முகம் வெளிறி, ஆனால் கண் நனையாமல், தன் போனை எடுத்து அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவள் மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு அந்த உரத்த குரல், தள்ளி இருந்த எனக்கே கேட்டது.

"ஓம், சொல்லுங்கோ! மெசினுக்குள்ளை நிக்கிறன், சத்தமாய்க் கிடக்கு, பிறகு எடுக்கட்டோ?"

"நீங்கள் செத்துப்போனியளாம்," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"பக்கத்திலை போட்டிருக்கு."

"எனக்குத்தான் பக்கம் இல்லையே!"

அவள் நிலத்தில், தாயின் பக்கத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் எடுத்தது. இடையில் கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன், இரண்டும் கலந்து வந்ததால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி மாமியைச் சந்தோசப்படுத்தவில்லை. இரங்கல் சொன்னது சொன்னதுதான், கலியாணப் பேச்சுக்குள் இழவு விழுந்தது விழுந்ததுதான் என்றாள். "அபசகுனம் அண்ணை. நூற்றுக்கணக்கான சனம் சாந்தி சொல்லிப்போட்டுது. இதை விட்டிட்டு வேறை பாப்பம். இஞ்சை ஒரு பெடியன் இருக்கிறான், நல்ல பக்கம்." ஐயா தலையைச் சொறிந்தார். தங்கையை எதிர்த்துக் கதைத்து அவருக்குப் பழக்கம் இல்லை.

மகள் எழுந்து வந்து தகப்பனின் கையில் இருந்த போனை வாங்கினாள்.

"மாமி, உயிரோடை இருக்கிற ஆளைச் செத்ததெண்டு கதை வந்தால் என்ன சொல்லுறவை?"

திரையில் நெற்றி சுருங்கியது. "என்ன… ஆயுசு கூடும் எண்டு சொல்லுறவை."

"ஒராள் பிழையாய்ச் சொன்னாலே கூடும். இவருக்கு எத்தினை பேர் சொல்லியிருக்கினம் எண்டு எண்ணிப் பாருங்கோ. இந்த யாழ்ப்பாணத்திலை இவரளவுக்கு ஆயுசு கெட்டியான மாப்பிள்ளை எனக்கு எங்கை கிடைப்பார்? உங்கடை ரொறொன்ரோப் பெடியனுக்கு ஆராவது சாந்தி சொல்லியிருக்கினமோ?"

மாமி வாயைத் திறந்தாள். நம்பிக்கை என்று வந்தால் எல்லா நம்பிக்கையையும் நம்ப வேண்டும், அவளுக்கு வசதியானதை மட்டும் எடுக்க முடியாது. "அப்பிடிப் பாத்தால்…" என்றாள். அங்கேயே விசயம் முடிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்: அந்தப் பக்கத்தை மூட வேண்டும்.

மூட முடியவில்லை. பதாகைக் கடைக்காரர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். அதற்குள் சுவிஸில் இருந்த பொறுப்பான ஒரு சொந்தக்காரர், பக்கத்தை நடத்தும் கொம்பனிக்கே எழுதி, இன்னார் காலமாகிவிட்டார் என்று முறைப்படி அறிவித்துவிட்டார். புறாவும் குத்துவிளக்கும்தான் அத்தாட்சி. கொம்பனிக்காரர் மரியாதை தெரிந்தவர்கள். மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே 'நினைவில்' என்று ஒரு சொல் வந்து குந்தியது.

ஐயா இதற்கும் வழி சொன்னார். ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடம் தோறும் கிராம சேவகரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். "எனக்குத் தாற விதானையார்தானே, மருமேனுக்கும் ஒண்டு தருவார். இங்கிலீசிலை மாத்தி அனுப்புவம்." மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். "கிடக்கட்டும் மாமா. செத்த ஆளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

கலியாணம் நடந்தது. மாமி ரொறொன்ரோவில் இருந்து வந்து, தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரை மறைத்துக்கொண்டு போனைப் பிடித்தாள். அவள் போட்ட படங்களின் கீழே, எங்கேயோ இருந்த ஒரு சொந்தக்காரர், "கடைசிக் காலத்தில் எவ்வளவு சந்தோசமாய் இருந்திருக்கிறார்" என்று எழுதினார். அதற்கு நாற்பது பேர் கும்பிடும் கை போட்டார்கள்.

இந்தச் சமூக ஊடகம் இனி எத்தனை காலத்துக்கு என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது. வீடியோக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. செத்தவர்களின் பக்கங்கள் கூடிக்கொண்டு போகின்றன, உயிரோடு இருப்பவர்கள் வெளியேறிக்கொண்டு இருக்கிறார்கள். கடைசியில் அது ஒரு பெரிய சுடலையாய்ப் போனால், எங்கள் மாப்பிள்ளைக்கு அதில் முன்வரிசையில் இடம் இருக்கிறது. எனக்கு விசாரணை வேலை இப்போது தட்டுப்பாடில்லாமல் வருகிறது.

நான் சொன்ன நேர்த்திக்கடன் மட்டும் முடியவில்லை. நேர்த்தியை மீறியதற்குப் பரிகாரம் செய்யாவிட்டால் பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். மருமகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நான் நேரவே இல்லை என்று. "உங்களுக்கு அடக்கம் தம்பி, வெளியிலை சொல்ல விருப்பமில்லை எண்டு எங்களுக்குத் தெரியும்" என்று மாமியார் சொன்னாராம். அடுத்த தேர்த் திருவிழா அன்று, முருகன் கோயில் வெளிவீதியில், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுடு மணலில் உருண்டு மருமகன் அங்கப் பிரதட்டை செய்தார். நான் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்ற இடத்துக்கு நேரே உருண்டு வந்தார். உடம்பு முழுக்க மண், பெரிய காதுகளுக்குள்ளும் மண். பக்கத்தில் மனைவி செம்பில் தண்ணீரோடு நடந்து வந்தாள். என்னைக் கண்டதும் அவர் ஒரு கணம் உருளுவதை நிறுத்தினார்.

"அண்ணை," என்றார், மூச்சு வாங்கியபடி, "காரணம் இல்லை எண்டே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான் தம்பி. எடுபடேல்லை."

"உருளுங்கோ, உருளுங்கோ," என்று சிரித்தபடி மனைவி அவரின் முதுகில் தண்ணீரை ஊற்றினாள். "பின்னாலை ஆக்கள் வருகினம்."